கவுன்சிலிங் நடக்கும் விதம்: தருமபுரி, கிருஷ்ணகிரி பிள்ளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

கிருஷ்ணகிரி மண்டிகளில் மாங்காய் லாரிகள் வரிசை கட்டும் மே, ஜூன் மாதங்களில்தான் இ-சேவை மையங்களின் வாசலிலும் வரிசை நிற்கும். அப்பாவின் கையில் பிளாஸ்டிக் ஃபைல், பிள்ளையின் கையில் செல்போன். நான் இந்த மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியாராக இருந்தவன். பொறியியல் கலந்தாய்வு 2018இல் ஆன்லைனுக்குப் போனதிலிருந்து ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளோடு உட்கார்ந்து விண்ணப்பம் போட்டிருக்கிறேன். வருகிற எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "சார், இந்த மார்க்குக்கு எந்தக் காலேஜ் கிடைக்கும்?"

அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சீட்டை யார், எப்படிக் கொடுக்கிறார்கள்? மார்க் குறைந்து சீட்டை விட்டவர்களை விட, இது தெரியாமல் விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சேர்க்கையை நடத்தும் அலுவலகத்துக்கு உங்கள் பிள்ளையைத் தெரியாது. அதன் கையில் இருப்பது மூன்று: மதிப்பெண், சான்றிதழ், பிள்ளை கொடுத்த விருப்பப் பட்டியல். மதிப்பெண்ணை வரிசைப்படுத்தும், சான்றிதழைச் சரிபார்க்கும், பட்டியலில் எழுதியிருப்பதை அப்படியே செய்யும்.

முதலில்: எந்தப் படிப்புக்கு எந்த அலுவலகம்

தமிழ்நாட்டில் பொறியியலுக்குத் தனி நுழைவுத் தேர்வு இல்லை. ஒரு காலத்தில் இருந்தது, டி.என்.பி.சி.இ.இ. என்ற பெயர் இன்றைய அப்பா அம்மாக்களில் பலருக்கு நினைவிருக்கும். பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு பரிந்துரைத்து, 2006இல் சட்டமன்றம் சட்டம் இயற்றி அதை எடுத்துவிட்டது. நகரத்துப் பிள்ளை கோச்சிங் போகும், அஞ்செட்டிப் பிள்ளையும் சித்தேரி மலைப் பிள்ளையும் எங்கே போகும் என்பதுதான் அப்போது பேசிய நியாயம். அதிலிருந்து 12ஆம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு. முன்பு அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய கலந்தாய்வை 2019 முதல் சென்னை கிண்டியில் உள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. டி.என்.இ.ஏ., அதாவது தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை என்பது இதுதான்.

மருத்துவம் வேறு கதை. தேர்வை நடத்துவது டெல்லியில் உள்ள தேசியத் தேர்வு முகமை, என்.டி.ஏ.; தேர்வின் பெயர் நீட், 720 மதிப்பெண். அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதத்தை மத்தியில் எம்.சி.சி. என்ற குழு நிரப்புகிறது. மீதி 85 சதவீதத்தைச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழு நிரப்புகிறது. ஆக நீட் எழுதிய பிள்ளை இரண்டு இடத்தில் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றில் போட்டால் மற்றதற்குத் தானாகப் போய்விடும் என்று நினைத்துச் சும்மா இருந்த குடும்பங்கள் உண்டு. நம் பக்கம் இப்போது இரண்டு அரசு மருத்துவக் கல்லூரிகள்: தருமபுரி 2008இல் வந்தது, கிருஷ்ணகிரி 2022இல்.

வேளாண்மைக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம், கால்நடை மருத்துவத்துக்கு அதற்கான பல்கலைக்கழகம், சட்டத்துக்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம், அரசு கலைக் கல்லூரிக்கு வேறொரு இணையதளம். ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனிக் கடைசித் தேதி. ஒரு நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு படிப்பு என்று எழுதி, தேதி, விண்ணப்ப எண், பாஸ்வேர்டு மூன்றையும் குறித்து வையுங்கள். செல்போனில் மட்டும் வைத்தால் போன் கீழே விழுந்த அன்றைக்கு எல்லாம் போச்சு.

பெரும்பாலானோர் கேட்பது பொறியியல் என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன். நடைமுறை புரிந்துவிட்டால் மற்றவையும் ஏறக்குறைய இதே தடத்தில்தான் ஓடும்.

இரண்டாவது: ரிசல்ட்டுக்கு முன்பே காகித வேலை

சாதிச் சான்றிதழைத் தருவது யார் என்பதிலேயே குழப்பம் தொடங்கும். பி.சி., எம்.பி.சி. என்றால் துணை வட்டாட்சியர், எஸ்.சி. என்றால் வட்டாட்சியர், எஸ்.டி. என்றால் கோட்டாட்சியர். அரூர்ப் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து வரும் பழங்குடிப் பிள்ளைகளுக்கு இந்தக் கடைசிப் படிதான் இழுக்கும். விசாரணை, அறிக்கை என்று வாரங்கள் ஓடிவிடும். பிப்ரவரியிலேயே போட்டுவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு போடலாம் என்று இருந்தால், மாவட்டமே அந்த வாரத்தில்தான் போடும்.

பெயர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றில் எப்படி இருக்கிறதோ அதுதான் மூலம். ஆதாரில் இனிஷியல் பின்னால், சாதிச் சான்றில் அப்பா பெயர் முழுதாக, வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லை என்று இருந்தால் சரிபார்க்கிறவர் நிறுத்திவிடுவார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவர் முன்னால் ஆயிரம் கோப்புகள்.

எட்டு முதல் பன்னிரண்டு வரை முழுக்கத் தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்று தேவையில்லை. நடுவில் ஒரு வருடம் வெளி மாநிலத்தில் படித்திருந்தாலும் வேண்டும். இது ஓசூர்க்காரர்களுக்கு முக்கியம். வீடு ஓசூரில், பள்ளி அத்திப்பள்ளியிலோ ஆனேக்கல்லிலோ என்று எத்தனை பிள்ளைகள்! ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தினமும் பள்ளி பஸ்ஸில் கடக்கும் பிள்ளை, அலுவலகக் கண்ணுக்கு வெளி மாநிலத்தில் படித்த பிள்ளை. இருப்பிடச் சான்று இல்லையென்றால் அந்தப் பிள்ளையின் இட ஒதுக்கீடே கேள்விக்குள்ளாகும்.

முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று வாங்கினால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். அக்கா ஏற்கெனவே அந்தச் சலுகையில் படித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டுமே செல்லும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு அந்தக் காகிதத்தை நீட்டிப் பயனில்லை.

அப்புறம் 7.5 சதவீத ஒதுக்கீடு. மருத்துவத்தில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலானவற்றில் 2021இலும் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. இதைச் சொல்லும்போது சில அப்பாக்களின் முகம் வாடிப்போகும். "அதுவும் கவர்மென்ட் மாதிரிதானே சார்" என்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்த ஒதுக்கீட்டின் வழியே சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. பாலக்கோட்டில் தக்காளி போட்டு விலை இல்லாமல் செடியோடு விட்ட வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளி என்று தலைமையாசிரியர் தரும் சான்றில் ஒரு வருடம்கூட விடுபடக் கூடாது.

மூன்றாவது: பதிவு

12ஆம் வகுப்பு ரிசல்ட்டை ஒட்டி மே மாதத்தில் பதிவு திறக்கும். அண்மை ஆண்டுகளில் பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., அருந்ததியர், எஸ்.டி. பிரிவினருக்கு 250 ரூபாய். சொந்தமாகப் போட முடியாதவர்களுக்கு மாநிலம் முழுக்க உதவி மையங்கள் உண்டு, டி.எஃப்.சி. என்பார்கள். கணினி, இணையம், ஆள் எல்லாம் அங்கே இருக்கும். உங்கள் ஊருக்கு எது பக்கம் என்று இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சொந்த அனுபவம். என் தங்கை மகளுக்கு ஒரு கடையில் விண்ணப்பம் போட்டார்கள். நான் அப்போது ஊரில் இல்லை. கடைக்காரப் பையன் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தன்னுடைய செல் நம்பரையே கொடுத்துவிட்டான். அவன் மேல் தப்பு எண்ணமில்லை, பதிவின்போது ஓடிபி உடனே வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஜூலையில் விருப்பப் பட்டியலை உறுதி செய்யும் ஓடிபியும் அந்த நம்பருக்குத்தான் போனது. பையன் கடையை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தான். கடைசி நாள் மாலை அவனைப் பிடிப்பதற்குள் தங்கைக்கு உயிர் போய் உயிர் வந்தது. போன் நம்பர் உங்களுடையதாக இருக்கட்டும். ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போகும் சிம்மாக இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க ரேண்டம் எண் ஒதுக்குவார்கள். அது ஏதோ ரேங்க் என்று நினைத்து வாட்ஸாப்பில் போட்டு மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். இருவருக்கு கட்-ஆஃப் (200க்குக் கணக்கிடும் சேர்க்கை மதிப்பெண்) ஒன்றாக இருந்து, கணக்கு, இயற்பியல் என்று வரிசையாக ஒப்பிட்டும், பிறந்த தேதி வரை பார்த்தும் பிரிக்க முடியாமல் போனால்தான் அந்த எண்ணுக்கு வேலை. அப்போது பெரிய எண் உள்ளவர் முன்னால் வருவார். பெரும்பாலானோருக்கு அது தேவையே படாது.

நான்காவது: கட்-ஆஃப், ரேங்க்

மொத்தம் 200. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணக்கில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 78 வாங்கிய பிள்ளைக்கு 92 கூட்டல் 42 கூட்டல் 39, ஆக 173. தமிழும் ஆங்கிலமும் இதில் வராது. தகுதிக்குக் குறைந்தபட்சம் பொதுப் பிரிவுக்கு இந்த மூன்று பாடச் சராசரியில் 45 சதவீதம், மற்ற பிரிவினருக்கு 40.

சி.பி.எஸ்.இ. பிள்ளைகளின் மதிப்பெண்ணை மாநில வாரியத்தோடு சமன்படுத்துவார்கள். மாநில வாரியத்தில் இயற்பியலில் அதிகபட்சம் 100, மற்ற வாரியத்தில் அதிகபட்சம் 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு உச்சமும் சமம் என்று கொண்டு, அந்த வாரியத்தில் 60 வாங்கியவருக்கு 66.67 ஆகும். இரண்டு வாரியத்திலும் யாராவது நூற்றுக்கு நூறு எடுத்திருந்தால் ஒன்றும் மாறாது.

ரேங்க் பட்டியல் வந்ததும் குறை சொல்லச் சில நாட்கள் தருவார்கள். பிரிவு தவறாக விழுந்திருக்கிறதா, 7.5 சதவீதப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். அந்த நாட்கள் கழிந்தால் அந்தப் பட்டியல்தான்.

இட ஒதுக்கீடு மொத்தம் 69 சதவீதம்: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), எஸ்.டி. 1. மீதி 31 எல்லோருக்கும் பொது. இந்தப் பொது என்பதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். எம்.பி.சி. பிள்ளைக்கு நல்ல ரேங்க் இருந்தால் முதலில் பொது இடத்தில்தான் பார்ப்பார்கள். அங்கே இல்லாவிட்டால்தான் சொந்தப் பிரிவு இடம். ஆகவே சாதிச் சான்றைக் கொடுத்தால் பொது இடம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஐந்தாவது: விருப்பப் பட்டியல்

இதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

ரேங்க் அடிப்படையில் பிள்ளைகளைச் சுற்றுகளாகப் பிரிப்பார்கள். அண்மை ஆண்டுகளில் மூன்று சுற்று. மாற்றுத் திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகள், விளையாட்டு வீரர்கள் ஆகியோருக்குச் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு முன்னதாகவே நடந்துவிடும். உங்கள் சுற்று திறந்ததும் கல்லூரிக் குறியீட்டு எண்ணையும் பாடப்பிரிவையும் சேர்த்து ஒவ்வொன்றாக வரிசைப்படுத்த வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

சுற்று மூடியதும் கணினி என்ன செய்யும்? அந்தச் சுற்றில் முதல் ரேங்க் பிள்ளையின் பட்டியலை எடுக்கும். மேலிருந்து கீழே வரும். முதல் விருப்பத்தில் இடம் இருக்கிறதா, பொதுவில் பார், பிறகு அந்தப் பிள்ளையின் பிரிவில் பார். இருந்தால் கொடுத்துவிட்டு அடுத்த ரேங்குக்குப் போகும். இல்லையென்றால் இரண்டாவது விருப்பம், மூன்றாவது விருப்பம். உங்கள் முறை வரும்போது உங்களுக்கு மேலே இருந்த எல்லோரும் எடுத்தது போக மீதியில், உங்கள் பட்டியலில் முதலில் வரும் காலி இடம் உங்களுக்கு.

இதிலிருந்து வருவது இதுதான்: கிடைக்கவே வாய்ப்பில்லாத கல்லூரியை முதலில் எழுதினாலும் உங்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. கணினி அதைத் தாண்டி அடுத்ததற்குப் போகும், அவ்வளவுதான். "ஆசைப்பட்டு மேலே எழுதினால் கீழே உள்ளது கைவிட்டுப் போகும்" என்பது எந்தக் காலத்துக்கும் பொருந்தாத பயம். ஆனால் வேண்டாத கல்லூரியைப் பயந்து மேலே எழுதினால் நஷ்டம் உண்டு, அதுவும் முழு நஷ்டம்.

ஒரு உதாரணம். மேலே சொன்ன 173 கட்-ஆஃப் பிள்ளைக்குப் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் வேண்டும். போன வருடம் அது அவள் பிரிவில் 175க்கு முடிந்தது, அதாவது கடைசி இடம் 175 வாங்கியவருக்குப் போனது என்று வைத்துக்கொள்வோம். "அது வராதும்மா, கையில் இருப்பதை விடாதே" என்று யாரோ ஒரு மாமா சொல்ல, வீட்டுக்குப் பக்கத்துத் தனியார் கல்லூரியை முதலாவதாகவும் பர்கூரை இரண்டாவதாகவும் எழுதுகிறாள். இந்த வருடம் வேறு காரணத்தால் கட்-ஆஃப் இறங்கி 172இல் முடிகிறது. அவளுக்குக் கிடைப்பது தனியார் கல்லூரி. பர்கூர் இடம் 172 வாங்கிய இன்னொரு பிள்ளைக்குப் போகிறது. வரிசையை மாற்றி எழுதியிருந்தால் பர்கூர் அவளுக்கு. அங்கே இல்லாவிட்டாலும் தனியார் இடம் அப்படியே இருந்திருக்கும்.

ஆகவே பட்டியலை எழுதும்போது "எது கிடைக்கும்" என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள். இரண்டு இரண்டாக ஒப்பிடுங்கள்: இந்த இரண்டும் தட்டில் வைத்துக் கொடுத்தால் எதை எடுப்பாய்? அதை மேலே எழுது. பிள்ளையிடம் இப்படிக் கேட்டால் அரை மணி நேரத்தில் உண்மை வெளியே வந்துவிடும். அப்பா சிவில் என்பார், பிள்ளை கம்ப்யூட்டர் என்பான். அந்தச் சண்டையைக் கணினி முன்னால் உட்காருவதற்கு ஒரு வாரம் முன்பே போட்டு முடித்துவிடுங்கள்.

போன வருடக் கட்-ஆஃப் விவரம் பிரிவு வாரியாக இணையதளத்தில் கிடைக்கும். பட்டியல் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். 173 பிள்ளை போன வருடம் 185இல் முடிந்ததிலிருந்து 150இல் முடிந்தது வரை எழுதட்டும். நடுத்தர ரேங்க் என்றால் 50, 60 விருப்பம் எழுதுவது நல்லது. பத்து எழுதிவிட்டு ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்பட்டவர்கள் உண்டு. அதே நேரம், கிடைத்தாலும் போக மாட்டோம் என்ற கல்லூரியை எண்ணிக்கைக்காக எழுதாதீர்கள்.

ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் ஏராளம். பெயரைப் பார்த்து எழுதாமல் குறியீட்டு எண்ணைப் பார்த்து எழுதுங்கள். அரசு பொறியியல் கல்லூரி நம் பக்கமே இரண்டு: 1994இல் தொடங்கிய பர்கூர், 2013இல் தொடங்கிய தருமபுரி செட்டிக்கரை. சுயநிதிப் பிரிவு, தமிழ் வழிப் பிரிவு என்று ஒரே பாடம் இரண்டு மூன்று வரிகளில் வரும். எது எது என்று பார்த்து எழுத வேண்டும். விடுதி இருக்கிறதா, ஊத்தங்கரையிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ தினம் போய்வர பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் குறித்து வையுங்கள். மலைப் பாதையில் கடைசிப் பஸ் போய்விட்டால் என்ன ஆகும் என்று கிண்டிக்குத் தெரியாது.

எழுதி முடித்ததும் லாக் செய்ய வேண்டும், ஓடிபி கேட்கும். கடைசி மணி நேரத்துக்கு வைக்காதீர்கள். லாக் செய்த பட்டியலை பிரின்ட் எடுத்து வையுங்கள்.

ஆறாவது: ஒதுக்கீடு வந்த பிறகு இரண்டு நாள்

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஐந்து பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு நாள்தான் நேரம். பதிலே சொல்லாமல் விட்டால் சீட் போய்விடும்.

ஏற்றுச் சேர்கிறேன் என்றால் விஷயம் முடிந்தது, குறித்த நாளுக்குள் நேராகக் கல்லூரியில் போய்ச் சேர வேண்டும். ஏற்கிறேன், மேலே கிடைத்தால் அதையும் தாருங்கள் என்பது இரண்டாவது. இதைத் தேர்ந்தெடுத்தால் குறித்த நாளுக்குள் உதவி மையத்தில் கட்டணம் கட்டி இடத்தைப் பிடித்து வைக்க வேண்டும். மேலே உள்ளவர்கள் சேராமல் விட்ட இடம் காலியானால், உங்கள் பட்டியலில் இன்னும் மேலே இருப்பது கிடைக்கும். கிடைத்தால் பழையது தானாகப் போய்விடும். இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. என் பார்வையில் முதல் விருப்பம் கிடைக்காத எல்லோரும் எடுக்க வேண்டியது இதுதான்.

மூன்றாவது, இது வேண்டாம், மேலே உள்ளது மட்டும் வேண்டும் என்பது. கையில் உள்ளதை விட்டுவிட்டுக் காத்திருப்பது, துணிச்சல்காரர்களுக்கு. நான்காவது, வேண்டாம், அடுத்த சுற்றில் பார்க்கிறேன். அடுத்த சுற்றில் மீதி இடங்கள்தான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஐந்தாவது, முழுதாக விலகிக்கொள்கிறேன்.

இந்த இரண்டு நாளில் வீட்டில் கல்யாணமோ திருவிழாவோ இருந்தாலும் ஒருவர் போனும் கையுமாக இருக்க வேண்டும்.

மூன்று சுற்றும் முடிந்த பிறகு துணைக் கலந்தாய்வு நடக்கும். துணைத் தேர்வில் தேறியவர்களுக்கும் முன்பு இடம் கிடைக்காதவர்களுக்கும் அது. அருந்ததியர் பிரிவில் நிரம்பாத இடங்கள் கடைசியாக எஸ்.சி. பிரிவுக்குத் திறக்கும்.

ஜூஜூவாடி தாண்டினால் வேறு ஆட்டம்

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்து வீடுகளுக்கு இன்னொரு வாசலும் கண்ணில் படும். கர்நாடகத் தேர்வு ஆணையம், கே.இ.ஏ. பெங்களூரு மல்லேஸ்வரத்தில் இருக்கிறது. தனியார் தொழிற்கல்லூரிச் சேர்க்கை பற்றிய உன்னிகிருஷ்ணன் வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு 1994இல் சி.இ.டி. (பொது நுழைவுத் தேர்வு) பிரிவாகத் தொடங்கியது, பின்னாளில் ஆணையமானது. கிண்டியோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம், இவர்கள் தேர்வையும் நடத்துகிறார்கள், சீட்டையும் கொடுக்கிறார்கள்.

சி.இ.டி. தேர்வின் பாடங்கள் இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல். ஒவ்வொன்றிலும் 60 கேள்வி, 60 மதிப்பெண், 80 நிமிடம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். அதனால் ஒரு கேள்வியையும் விடக் கூடாது. ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை நிரப்ப வேண்டும், அதன் நகலை மாணவரிடமே கொடுத்துவிடுவார்கள். தேர்வு முடிந்ததும் தற்காலிக விடைக்குறிப்பு வரும். தப்பென்று தோன்றினால் ஆதாரத்தோடு ஆட்சேபம் தெரிவிக்கலாம். இது சும்மா சடங்கு என்று நினைக்க வேண்டாம்: 2024இல் பாடத்திட்டத்துக்கு வெளியே கேள்விகள் வந்தன என்று பெரிய எதிர்ப்பு எழுந்து, அந்தக் கேள்விகளை மதிப்பீட்டிலிருந்து நீக்கினார்கள்.

பொறியியல் ரேங்குக்கு 12ஆம் வகுப்பு மதிப்பெண் பாதி, சி.இ.டி. பாதி. வகுப்பில் 300க்கு 270 வாங்கியிருந்தால் 45. சி.இ.டி.யில் 180க்கு 90 என்றால் 25. மொத்தம் 70. பள்ளியில் நன்றாகப் படித்து, கோச்சிங் போகாமல் சி.இ.டி.யில் சறுக்கும் பிள்ளை இங்கே பின்னால் போவது இப்படித்தான். அனந்தகிருஷ்ணன் குழுவின் காலத்தில் பேசிய விஷயம் எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஆனால் யார் வேண்டுமானாலும் எழுதிச் சீட் வாங்க முடியாது. பொதுவான விதி, முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் பி.யு.சி. (நம் பன்னிரண்டாம் வகுப்பு) வரை குறைந்தது 7 ஆண்டு கர்நாடகத்தில் படித்து, பத்தாம் வகுப்பையோ பி.யு.சி.யையோ அங்கே தேறியிருக்க வேண்டும். மேலே சொன்ன அத்திப்பள்ளிப் பள்ளி பஸ் பிள்ளை இங்கே உள்ளே வந்துவிடும். ஓசூர் அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு இந்த வழி இல்லை. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட எல்லைப்புற வீடுகளுக்கு, கடிநாடு கன்னடிகர் என்று ஒரு தனிப் பிரிவு உண்டு. நம் பக்கம் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. அவர்கள் 50 மதிப்பெண்ணுக்கு ஒரு கன்னட மொழித் தேர்வும் எழுத வேண்டும். வீட்டில் கன்னடம் பேசினாலும் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் இங்கே திணறுகிறார்கள். பிள்ளை பதினொன்றில் இருக்கும்போதே எழுத்துக் கூட்டிப் படிக்க வையுங்கள்.

தமிழ்நாட்டுச் சாதிச் சான்று அங்கே செல்லாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இங்கே எம்.பி.சி. என்று இருக்கும் பிள்ளை அங்கே பொதுப் போட்டியில்தான் நிற்பான்.

சீட் கொடுக்கும் முறை கிண்டியைப் போலத்தான், ரேங்க் வரிசை, விருப்பப் பட்டியல். ஒரு நல்ல விஷயம் கூடுதலாக இருக்கிறது. உண்மையான ஒதுக்கீட்டுக்கு முன் ஒத்திகை ஒதுக்கீடு ஒன்று வரும். இப்போது உங்கள் பட்டியலுக்கு என்ன கிடைக்கும் என்று காட்டி, வரிசையை மாற்ற இன்னொரு வாய்ப்புத் தருவார்கள். தமிழ்நாட்டிலும் இதைச் செய்யலாம் என்று வருடா வருடம் எனக்குத் தோன்றும். தற்காலிக ஒதுக்கீடு வந்த பின் வரிசையைத் தொட முடியாது என்பதால்தான் இங்கே பலர் அழுகிறார்கள். பிறகு வரும் பதில்கள் அங்கே நான்கு: சேர்கிறேன், வைத்துக்கொண்டு மேலே பார்க்கிறேன், இதை விட்டுவிட்டு அடுத்த சுற்று, விலகுகிறேன்.

இந்த விதிகளுக்குள் வராதவர்கள் கர்நாடகத் தனியார் கல்லூரிகளின் கூட்டமைப்பு நடத்தும் காமெட்-கே தேர்வை எழுதலாம். அது எந்த மாநிலத்தவருக்கும் திறந்தது, கட்டணம் மட்டும் கூடுதல். வீட்டில் உட்கார்ந்து நான்கு வருடக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கடைசியாக: கல்லூரி வாசலில்

சேரப் போகும் நாளில் ஒதுக்கீட்டு ஆணை, 10, 11, 12 மதிப்பெண் சான்று, டிசி, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார், போட்டோ எல்லாம் மூலமும் மூன்று செட் நகலும் வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் அந்தக் கணக்குக்குத்தான் வரும், விண்ணப்பம் கல்லூரி வழியே போகும்.

மருத்துவக் கலந்தாய்வு தாமதமாகும் வருடங்களில் பிள்ளை பொறியியலில் சேர்ந்துவிட்டு, பிறகு மருத்துவ இடம் கிடைத்து விலக நேரும். அப்போது சான்றிதழைத் திருப்பிக் கொடுக்கச் சில கல்லூரிகள் இழுத்தடிக்கும். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று 2018இலேயே பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சொல்லியிருக்கிறது. மதிப்பெண் சான்றைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். டிசியை மட்டும் கொடுத்துத்தான் ஆக வேண்டும்; கொடுக்கும் முன் பத்து நகல் எடுத்து வையுங்கள், கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.